பாதிச் செயினுக்குப் பொட்டு

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பித்தளைச் சுத்தியல். சனிக்கிழமை கைக்கு வந்தபோது அதன் முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஓரமெல்லாம் மடங்கி ஊத்தப்பம் மாதிரி விரிந்துவிட்டது. மூன்று நாளாக அது அடித்த இரும்புப் பின் மட்டும் நூலளவுகூட நகரவில்லை.

வேலிக்கு உள்ளே, கூப்பிடு தூரத்தில், என் வீட்டுக்காரர் சாகுல் மண் தள்ளும் எங்கள் செயின் வண்டிக்குப் பக்கத்தில் கரிசல் சேற்றில் படுத்துக் கிடந்தார். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இல்லை. வண்டியின் வலது பக்கச் செயின் சக்கரங்களை விட்டுக் கழன்று தரையில் சரிந்திருந்தது.

வாசலில் ஐம்பது அறுபது பெண்கள். தீபாவளியோடு மூடிய கம்பெனியை அன்றைக்குத் திறப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே டீசல் வண்டி நிற்கிறவரை ஒருவரையும் விட மாட்டேன் என்று போர்மேன் குருசாமி கேட்டைப் பூட்டிவிட்டார். எல்லாரும் கையில் தூக்குவாளியோடு என்னையே பார்த்தார்கள்.

"பாயம்மா, இன்னைக்காச்சும் வேலை உண்டா, இல்ல உங்க வண்டியை வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போகணுமா?" என்றாள் முன்னால் நின்ற சண்முகத்தாய். நாற்பது வயது இருக்கும். வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

நான் சுத்தியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாசகியின் கடிதம்

வீட்டுக்காரரைக் குறை சொல்லாமல் இந்தத் தொடரில் ஒரு வாரமாவது எழுதக் கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இந்த வாரம் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே அவர் சேற்றில் படுத்துக் கிடக்கிறார், நான் என்ன செய்வது?

அவரைப் பற்றி நல்லதும் எழுதுவேன். கொஞ்சம் பொறுங்கள். முதலில் எரிச்சலை இறக்கி வைக்கிறேன்.

அந்தச் செயின் தொய்ந்துவிட்டது என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஆனைக்குட்டம் பக்கம் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கும் வேலை நடந்தபோதே, வண்டி திரும்பும் இடமெல்லாம் கடக் கடக்கென்று சத்தம் வந்தது. "மச்சான், செயின் பல்லுல ஏறி விழுகுது" என்றேன். "உனக்கு எல்லாமே சத்தம்தான்" என்றார். செயினை இறுக்கும் திருகை இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். அதன் பிறகு சுற்றுவதற்கு அந்தத் திருகில் மரையே மிச்சமில்லை.

தராசு வாங்கப் போன கதை

எங்கள் வீட்டில் செயின் வண்டி வந்ததே ஒரு தராசுக்குப் பதிலாகத்தான்.

விருதுநகரில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகாய் வத்தல் மண்டி. கல்யாணமாகிச் சில வருடங்கள் சாகுல் அந்த மண்டியில்தான் இருந்தார். மூட்டை நிறுக்க ஒரு பெரிய தராசு வேண்டும், மதுரையில் பழைய சாமான் ஏலத்தில் இருக்கிறது என்று அத்தா அவரை அனுப்பினார். இவர் போனார். ஏலத்தில் தராசுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் உரிந்துபோய் இந்த வண்டி நின்றிருக்கிறது. டயர் இல்லை, இரண்டு பக்கமும் இரும்புச் செயின், முன்னால் மண் தள்ளும் தகடு. அப்போதே அதற்கு என் வயது இருக்கும்.

இரண்டு நாள் கழித்து லாரியில் அது வந்து மண்டி வாசலில் இறங்கியது. தெருவே கூடிவிட்டது. அத்தா வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே வெளியே வந்து, அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இதுல எத்தனை மூட்டை நிறுக்கலாம், மாப்ளே?" என்று கேட்டார். மண்டி என் தம்பியிடம் போனது. நாங்கள் செயின் வண்டிக்காரர்கள் ஆனோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் மழை பெய்தால் இந்த வண்டியை விட்டால் ஆளில்லை. டயர் வண்டி எதுவானாலும் வெம்பக்கோட்டைப் பக்கத்து மண்ணில் அச்சு வரைக்கும் புதைந்து நின்றுவிடும். இது மட்டும் அகலச் செயினில் பாரத்தைப் பரப்பிக்கொண்டு மெதுவாக நகரும். அதனால்தான் அந்தப் பட்டாசுக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. அறைக்கும் அறைக்கும் நடுவில் மண்கரை எழுப்ப வேண்டும். ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குத் தாவாமல் அந்தக் கரை தடுக்கும். ஆறு கரை எழுப்ப வேண்டும். ஐந்து முடிந்து, ஆறாவது நெஞ்சளவு வந்தபோது செயின் கழன்றது.

அந்த ஆறாவது கரை மருந்து கலக்கும் அறைக்கும், மருந்து செலுத்தும் அறைக்கும் நடுவில் இருந்தது. இரண்டாவது அறையில்தான் சண்முகத்தாய் உட்காருவாள்.

இரும்பால் அடிக்கக் கூடாது

செயின் எப்படித் தேயும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதற்காக இவ்வளவு கத்தினேன் என்று உங்களுக்குப் புரியாது.

ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கும். அதைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒரு புஷ். வண்டியின் பல்சக்கரம் அந்தப் புஷ்ஷைத்தான் பிடித்து இழுக்கிறது. எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதால் அந்தப் பக்கம் மட்டும் குழி விழுந்து தேயும். மறுபக்கம் புத்தம் புதிதாக இருக்கும். பின்னையும் புஷ்ஷையும் பிதுக்கி வெளியே எடுத்து, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அழுத்திவிட்டால் செயினுக்கு இன்னொரு ஆயுள். புதுச் செயின் இந்த வண்டிக்கு எங்கேயும் கிடைக்காது. திருப்பிப் போடுவது ஒன்றே வழி.

அதற்கு முதலில் செயினைக் கழற்ற வேண்டும். செயினை வளையமாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பின் உண்டு. அதைத் தட்டி எடுத்தால் செயின் விரிந்துவிடும். வேறு ஊராக இருந்தால் பத்து கிலோ சம்மட்டி, கேஸ் கட்டிங், ஒரு மணி நேரம், வேலை முடிந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் அது நடக்காது. மருந்தே இல்லாத சமயமாக இருந்தாலும் நடக்காது. "வருசக்கணக்கா மருந்து சிந்துன மண்ணு பாயம்மா. இரும்பால இரும்பை அடிக்க விடமாட்டேன். நெருப்புங்கிற பேச்சே கூடாது" என்றார் குருசாமி. வண்டியின் புகைக்குழாய்க்கே கம்பிவலைக் கூண்டு மாட்டிய பிறகுதான் அவர் உள்ளே விட்டிருந்தார். கம்பெனிப் பித்தளைச் சுத்தியலை என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கலாமா என்றார் சாகுல். கூடாது. டீசல்? கூடாது. கடைசியில் விளக்கெண்ணெய்க்கு அனுமதி கிடைத்தது. கடைத்தெருவில் இரண்டு லிட்டர் வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வீட்டுல எத்தனை பேருக்கு வயிறு சரியில்ல?" என்றார். சேற்றுக் காலோடு நின்ற எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு அந்தப் பின் இன்னும் சுகமாகப் படுத்துக்கொண்டது.

குழாயடியில் நின்றது

செவ்வாய்க்கிழமை முதலாளி போனில் பேசினார். மனிதர் கோபப்படவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"பாய், இம்புட்டுப் பேரை நான் எத்தனை நாளு வாசல்ல நிறுத்துறது? வர்ற திங்கக்கிழமை பூஜை போட்டுத் திறக்கிறேன். அதுக்குள்ள முடிஞ்சா முடிங்க, முன்னாடியே முடிச்சா முன்னாடியே திறக்கிறேன். இல்லைன்னா வண்டியைக் கயிறு கட்டி வெளிய இழுத்துருங்க. மிச்சக் கரையைப் பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இழுத்து வெளியே போட்டால் ரோட்டில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கலாம், வெல்டிங் வைக்கலாம், அந்தப் பெண்கள் என்னை முறைப்பதும் நிற்கும். சாகுலிடம் சொன்னேன்.

"இழுக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"வெளிய போயிருச்சுன்னா திரும்ப உள்ள விடமாட்டாக. பொங்கலுக்கு அப்புறம் ஆர்டர் நெருக்கும், அப்புறம் சித்திரை, அப்புறம் அடுத்த தீபாவளி. அரைக் கரை அரையாவே நிக்கும்."

"நின்னா நிக்கட்டும்! அது அவுக கம்பெனி, அவுக கரை. அந்தப் பொம்பளைகளே 'கரை இல்லாமலே இத்தனை வருசம் வேலை பாத்தோம், வண்டியை எடுங்க'ன்னு கத்துறாக. உங்களுக்கு மட்டும் என்ன?"

நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கையிலிருந்த கிரீஸைச் சாக்கில் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை தடவை துடைப்பார் ஒரு மனிதர்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு நான் சமப்படுத்தப் போனேன்ல ரஹ்மத்து, அங்கயும் கரை நெஞ்சளவுதான் இருந்துச்சு."

எனக்கு அந்த நாள் நினைவு இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால், எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், ஒரு விபத்துக்குப் பிறகு இடத்தைச் சமப்படுத்த இவரையும் வண்டியையும் கூப்பிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருந்தார். வாளி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். தண்ணீர் வீணாகிறது என்று நான் திட்டினேன். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொன்னதில்லை.

"கரை உசரத்துக்குக் கீழ இருந்த செவுத்துல வெள்ளையடிச்சது அப்படியே இருந்துச்சு" என்றார் இப்போது. "அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. உக்காந்திருந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகல. எந்திரிச்சு நின்னவுகதான்..."

மறுபடியும் சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு வண்டியை இழுத்து வெளியே போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் கழித்தா இதைச் சொல்வது, அதுவும் ரோட்டில் நின்று நான் கத்திய பிறகா என்று அந்தக் கோபம் தனியாக இருந்தது.

தங்கப்பாண்டியின் ஜாக்கி

சிவகாசியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தங்கப்பாண்டி புதன்கிழமை வந்தார். திங்கட்கிழமை காலையே வருவதாகச் சொன்னவர். இடையில் ஒரு காதுகுத்து, ஒரு கரண்ட் கட்.

ஆனால் கொண்டுவந்தது நல்ல சாமான். இரண்டு தடித்த இரும்புத் தகடுகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க நான்கு கம்பிகள், நடுவில் ஐம்பது டன் ஜாக்கி. பின்னை நடுவில் வைத்துக் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் ஜாக்கி அதைப் பிதுக்கிவிடும்.

"இது அடிக்கிறது இல்ல, அமுக்குறது" என்று குருசாமியிடம் விளக்கினார். குருசாமி யோசித்து யோசித்து, எல்லாவற்றையும் ஈரச்சாக்கால் சுற்றச் சொல்லி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் நாலு வாளி மணலையும் வைத்த பிறகு தலையை ஆட்டினார்.

தங்கப்பாண்டி கைப்பிடியை அடித்தார். அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. சாகுல் அடித்தார். ஈரச்சாக்கு முறுகியது. திடீரென்று 'டொம்' என்று ஒரு சத்தம்.

அந்தப் பக்கத்து ஆட்கள் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவார்கள், அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குருசாமி கேட் வரைக்கும் ஓடிவிட்டார். வாசலில் நின்ற பெண்கள் தூக்குவாளிகளைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டியிருந்தார்கள். பின் அரை விரல் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். கீழே சிந்திய சோற்றுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு என்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மத்தியானம் பின் முழுக்க வெளியே வந்ததும், பலகைகளைப் போட்டு, ஈரச்சாக்கு விரித்து, வாசலில் நின்றவர்களே கயிறு பிடித்து அந்தச் செயினை வெளியே இழுத்துத் தந்தார்கள். முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தது சண்முகத்தாய்தான். "எங்க வேலை சீக்கிரம் நடக்கணும்ல, உங்களுக்காக இல்ல" என்று சொல்லிவிட்டுப் பிடித்தாள். செயின் லோடு வண்டியில் ஏறிச் சிவகாசிக்குப் போனது.

நான் செய்த புத்திசாலித்தனம்

இனி வருவது என் தவறு. வாசகி கவனிக்கவும்.

வியாழக்கிழமை முழுக்க நான் தங்கப்பாண்டியின் பட்டறையில் இருந்தேன். சாகுல் எதையும் எண்ணி வைக்க மாட்டார், எல்லாம் நினைவில் இருக்கும் என்பார், கடைசியில் நினைவில் ஒன்றும் இருக்காது. ஆகையால் எத்தனை கண்ணி திருப்பியாயிற்று என்று அடையாளம் வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சாக்பீஸ் கிரீஸில் பிடிக்கவில்லை. பெயின்ட் டப்பா காய்ந்துபோயிருந்தது. பட்டறை சாமி படத்துக்குக் கீழே குங்குமச் சிமிழ் இருந்தது. கேட்டு வாங்கி, கிரீஸில் குழைத்தேன். அருமையான சிவப்பு. திருப்பி முடித்த ஒவ்வொரு கண்ணிக்கும் விரலால் ஒரு பொட்டு வைத்தேன்.

மொத்தம் முப்பத்தாறு கண்ணி. இருட்டும்போது பத்தொன்பது முடிந்திருந்தது. செயின் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் பொட்டு, ஒரு துண்டில் இல்லை. வெள்ளிக்கிழமை தங்கப்பாண்டிக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். அவருடைய சகலை வந்து வேலையைப் பார்ப்பார். "பொட்டு வைக்காததைத் திருப்பு, எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு துண்டையும் கோத்து அனுப்பிரு" என்று என் முன்னாலேயே போனில் சொல்லிவைத்தார். எவ்வளவு தெளிவான ஏற்பாடு! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாகுல் விருதுநகரில் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் நாலு நாள் அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானமே போன் வந்துவிட்டது. "செயினைக் கோத்து ஏத்தியாச்சு, வண்டி புதுப்பட்டிக்குக் கிளம்பிருச்சு" என்றார் சகலை. இவ்வளவு வேகமான மனிதரா என்று ஆச்சரியப்பட்டு, தங்கப்பாண்டியை விட நீங்களே தேவலை என்றுகூடச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செயின் கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் இறங்கியிருந்தது. முப்பத்தாறு கண்ணியிலும் சிவப்புப் பொட்டு. மனசு குளிர்ந்துபோயிற்று. சண்முகத்தாய் அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் செயினைத் தடவிக்கொண்டே இருந்தவள், எழுந்து அந்தக் கோடிக்குப் போய்த் தடவினாள். திரும்பி வந்தாள்.

"பாயம்மா, இங்கன வளவளன்னு இருக்கு. அங்கன ஒரே குளியா இருக்கே. அப்படித்தான் இருக்கணுமா?"

சாகுல் குனிந்து பார்த்தார். பொட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பதினேழு கண்ணி திருப்பவே இல்லை.

பட்டறைக்குப் போன் போட்டேன். எடுத்தது தங்கப்பாண்டியின் மனைவி செல்வி.

"ஏம்மா, செயினுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நான்தான் பாயம்மா" என்றாள் சந்தோஷமாக. "வெள்ளிக்கிளமை பட்டறை கழுவி, லேத்துக்கு மெசினுக்கு எல்லாம் பொட்டு வைப்போம்ல. உங்க செயினைப் பாத்தேன். பாதிக்குக் குங்குமம் வச்சிருந்துச்சு, நீங்கதான் வச்சீகன்னு அவுக சொன்னாக. பாய் வீட்டு ஆளா இருந்தும் நம்ம சாமிக்கு மரியாதை பண்ணிருக்காகளே, பாதியில விட்டா நல்லாருக்காதுன்னு மிச்சத்துக்கும் நானே வச்சுட்டேன்."

"நல்லாருப்பே தாயி" என்று சொல்லிப் போனை வைத்தேன். சகலை வந்து பார்த்திருக்கிறார், எல்லாவற்றிலும் பொட்டு இருந்திருக்கிறது, இரண்டு துண்டையும் கோத்து அனுப்பிவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவர்தான்.

சாகுல் சிரித்தார். சேற்றில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பது வருடத்தில் அவர் செய்த கோளாறுக்கெல்லாம் நான் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேப்பமரத்தடியில்

தங்கப்பாண்டி திங்கட்கிழமைதான் திரும்புவார். பட்டறையில் பெரிய பிரஸ்ஸை ஓட்டத் தெரிந்த சகலையும், அந்த ஒரு நாள் வேலை முடிந்ததென்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். எங்களிடம் இருந்தது அந்த ஐம்பது டன் ஜாக்கியும் ஒரு சனிக்கிழமையும்தான்.

வேலிக்கு வெளியே, ரோட்டோரமாக வேலை என்பதால் குருசாமி தடுக்கவில்லை. ஆனாலும் நாலு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாகுல் கண்ணியைப் பிடித்து நேர்பார்க்க, ஜாக்கிக் கைப்பிடியை யாராவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பின் வெளியே வர இருநூறு அடி, புஷ்ஷுக்கு இன்னொரு இருநூறு, திரும்ப உள்ளே தள்ள அதே கணக்கு. மூன்றாவது கண்ணியிலேயே என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"தள்ளுங்க பாயம்மா. உங்க வேகத்துக்கு அடுத்த தீவாளி வந்துரும்" என்று சண்முகத்தாய் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அடுத்து இன்னொருத்தி, அதற்கடுத்து இன்னொருத்தி. ஆளுக்கு ஐம்பது அடி என்று அவளே முறை வைத்தாள்.

மத்தியானம் நிழலில் தண்ணீர் குடிக்கும்போது அவள் கேட்டாள். "ஏன் பாயம்மா, முதலாளியே வண்டியை எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாகளாம். உங்க வீட்டுக்காரரு எதுக்கு இம்புட்டுப் பிடிவாதமா நிக்காக?"

சொல்லலாமா என்று தயங்கினேன். அந்த அறைக்குள் தினமும் போய் உட்காருகிறவள் அவள். பிறகு சொன்னேன். குழாயடியில் நின்றதையும், வெள்ளையடித்த சுவரையும், எழுந்து நின்றவர்களையும் சொன்னேன்.

சண்முகத்தாய் தூக்குவாளியை மூடி வைத்தாள். அவள் முறை அப்போது இல்லை. ஆனாலும் எழுந்துபோய், அடித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கண்ணி முழுவதையும் அவள் ஒருத்தியே அடித்தாள்.

வெயில் சாயும்போது பதினேழும் முடிந்தது. இந்தத் தடவை யாரையும் பொட்டு வைக்க விடவில்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் மறுபடி பலகை, மறுபடி ஈரச்சாக்கு, மறுபடி கயிறு. செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றி, பின்னை ஜாக்கியால் உள்ளே அமுக்கியபோது பதினோரு மணி. சாகுல் இடது செயினையும் கழற்றித் திருப்பிவிடலாமா என்று ஆசையாகக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

ஒரு பக்கச் செயின் இறுக்கமாக, ஒரு பக்கம் தொய்வாக இருந்ததால் வண்டி நேராகப் போகவில்லை. நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து போயிற்று. இவர் லீவரை மாற்றி மாற்றி இழுத்து அதை வழிக்குக் கொண்டுவந்தார். கடக் கடக் சத்தம் மட்டும் இல்லை. அது இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறொரு பழைய வண்டி வாங்கிவிடுவார்.

மண்ணைத் தள்ளி, ஏறி மிதித்து, மறுபடி தள்ளி, கரை தோளளவு, ஆளுயரம், அதற்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போனது. நாலரை மணிக்கு இன்ஜினை நிறுத்தினார். கரிசல் மண் ஈரத்தில் கன்னங்கரேலென்று நின்றது. குருசாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டு, மறக்காமல் என்னிடமிருந்து பித்தளைச் சுத்தியலைத் திருப்பி வாங்கினார். அதன் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

மறுநாள் பூஜைக்கு வாசல் கூட்டுவதற்காகச் சண்முகத்தாயும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, நேராகத் தன் அறை வாசலுக்குப் போனாள். நான் கரைக்கு இந்தப் பக்கம், மருந்து கலக்கும் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"பாயம்மா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நான் எந்திரிச்சு நிக்கேன். என் தலை தெரியுதா?"

"தெரியல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கையைத் தூக்கிருக்கேன். கை தெரியுதா?"

நான் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்தேன். கரையும் அதற்கு மேல் வானமும்தான் தெரிந்தன.

"கையும் தெரியல."

சாகுல் வண்டியின் மேல் உட்கார்ந்தபடி, சாக்கால் கையைத் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாளைக்கு வேலைக்கு வாரேன்" என்றாள் சண்முகத்தாய்.